முருங்கைக்கீரைக்கு எத்தனை கணக்கு? குன்னூர் ஆய்வகத்திலிருந்து உங்கள் செல்போன் வரை

கொஞ்சம் நீளமான இழை இது. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க. சுகர் இருக்கிறவங்க சர்க்கரை போடாம எடுத்துக்கிட்டு வாங்க.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சுருளிப்பட்டி. பெரியப்பா பேரன் ஒருவன் பெங்களூரில் ஹெல்த் ஆப் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறான். திராட்சைப் பந்தலுக்குக் கீழே கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டான்.

"சித்தப்பா, எங்க ஆப்புக்கு உணவுச் சத்து டேட்டா வாங்கணும். மூணு கம்பெனி விலை சொல்லியிருக்கான். ஒருத்தன் பத்து லட்சம் உணவு இருக்குன்றான். இன்னொருத்தன் அதுக்கும் மேல. யார்கிட்ட வாங்குறது?"

"பத்து லட்சத்துல நம்ம ஊர் சோறு இருக்காடா?" என்றேன்.

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. காரணம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு இரவு ஒரு மணிக்கு 13 வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டைப் 1 நீரிழிவு. அதாவது கணையத்தில் இன்சுலின் சுரப்பே இல்லை, ஊசியில்தான் வாழ்க்கை. வந்தபோது வலிப்பு. ரத்தச் சர்க்கரை 38. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடியது. நாங்கள் எல்லோரும் மூச்சு விட்டோம்.

(இந்த இடத்தில் ஒரு நிமிடம். லோ சுகரில் நினைவில்லாமல் இருப்பவர் வாயில் தண்ணீரோ ஜூஸோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.)

அந்த அம்மா படித்தவர், கவனமானவர். "கணக்குப் பார்த்துத்தான் சார் ஊசி போட்டேன்" என்று அழுதார். போனைக் காட்டினார். தராசில் வைத்து 150 கிராம் சோறு எடை போட்டிருக்கிறார். ஆப்பில் "அரிசி, 150 கிராம்" என்று போட்டிருக்கிறார். மாவுச்சத்து 117 கிராம் என்று காட்டியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு 15 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று கணக்கு. எட்டு யூனிட் போட்டிருக்கிறார்.

தவறு எங்கே என்று பார்த்தீர்களா?

100 கிராமில் 78 கிராம் மாவுச்சத்து இருப்பது வேகாத அரிசியில். வெந்த சோற்றில் தண்ணீர் ஏறிவிடும். 100 கிராமுக்கு சுமார் 28 கிராம்தான். அப்படியென்றால் 150 கிராம் சோற்றில் 42. போட வேண்டியது மூன்று யூனிட்டுக்கும் குறைவு. போட்டது எட்டு.

அந்த 78 என்ற எண் பொய்யில்லை. சரியான எண், தவறான தட்டு. அது எந்தத் தட்டுக்காகப் பிறந்த எண் என்று தெரிந்துகொள்ள நாம் குன்னூருக்குப் போக வேண்டும். அதையேதான் தம்பியிடமும் சொன்னேன். விலைப்பட்டியலைக் கொஞ்சம் ஓரமா வை, முதலில் கதையைக் கேள்.

1918. குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறை. அதில் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்துக்கார ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய உட்கார்கிறார். இந்தியன் மெடிக்கல் சர்வீஸில் 1901-ல் சேர்ந்தவர். கில்கிட் மலைப்பகுதியில் தைராய்டு கழலை நோயைத் தேடித் திரிந்தவர். அந்த ஒற்றை அறைதான் 1925-ல் சத்துக்குறைபாட்டு நோய்களுக்கான ஆய்வாக விரிந்தது, 1928-ல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக ஆனது, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. இந்தியாவின் உணவுக் கணக்கு முழுக்க நம்ம நீலகிரியில் ஒரு அறையில் ஆரம்பித்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெரிபெரி ஏன் என்றால், அது அரிசி தின்னும் ஊர்களின் நோய். கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், இதயம் நின்றுவிடும். தயமின் என்கிற பி1 சத்துக் குறைவு. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் அதிகம். அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. தெற்கே புழுங்கல் அரிசி சாப்பிட்ட நம்ம ஆட்களுக்கு அவ்வளவாக வரவில்லை. அதே அரிசிதானே?

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கொஞ்சம் தங்கிவிடும். பின்னால் வந்த அட்டவணையில் பாருங்கள்: தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம். தீட்டிய புழுங்கல் அரிசியில் 0.21. மூன்று மடங்குக்கும் மேல். நம்ம பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்தது சும்மா இல்லை. அவர்களுக்குப் பி1 தெரியாது, நெல் அவிக்கத் தெரியும்.

இப்போது தம்பியின் பத்து லட்சம் உணவுக்கு வருவோம். அதில் "வெள்ளை அரிசி" என்று ஒரே வரி மட்டும் இருந்தால், உயிர் போவதற்கும் பிழைப்பதற்கும் இடையில் இருந்த அந்த வித்தியாசம் அங்கேயே காணாமல் போயிற்று.

மெக்காரிசனுக்கு இன்னொரு பிரபலமான சோதனை உண்டு. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியாகக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் தின்ற சீக்கிய உணவு எலிகள் மேலே. கடைசி இடம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? மதராஸி உணவுக்கு. எங்களுக்கெல்லாம் இதைப் படிக்கும்போது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவர் எடுத்தது ஏழை வீட்டுத் தட்டு. தீட்டிய அரிசி நிறைய, பாலும் காயும் கொஞ்சமே. இன்றைக்கு சுகர் வார்டில் நான் பார்க்கும் தட்டும் பெரிதாக மாறிவிடவில்லை.

1935-ல் மெக்காரிசன் ஓய்வு பெற்றார். வந்தவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட். ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் வேலை பார்த்தவர். எலி போதும், இனி எண் வேண்டும் என்பது போல வேலை திரும்பியது. எது எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டால் மட்டும் போதாது. அந்த உணவில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. மேல்நாட்டு அட்டவணையில் கேழ்வரகும் அகத்திக்கீரையும் எங்கே இருக்கும்?

அமெரிக்காவில் ஆட்வாட்டர் 1896-லேயே அவர்கள் உணவுக்கு அட்டவணை போட்டுவிட்டார். புரதத்துக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9, மாவுக்கு 4 என்று இன்றும் எல்லா ஆப்பும் பெருக்குகிறதே, அது அவர் வேலையிலிருந்து வந்ததுதான். அதில் இருந்தது அவர்கள் ஊர் ரொட்டி, மாட்டிறைச்சி.

குன்னூரில் அந்த வேலையில் இறங்கியவர்களின் பெயர்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். எஸ். ரங்கநாதன், ஏ. ஆர். சுந்தரராஜன், எம். சுவாமிநாதன். 200 சாதாரண இந்திய உணவுகளின் வேதியியல் அமைப்பு என்ற கட்டுரை 1937-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இவர்கள் பெயரில் வந்தது. கணினி கிடையாது. ஒவ்வொன்றையும் உலர்த்தி, எரித்து, சாம்பலை எடை போட்டு, நைட்ரஜனை அளந்து, கையால் எழுதிய எண்கள். அதே 1937-ல் ஹெல்த் புல்லட்டின் 23 என்ற சிறு நூல் அய்க்ராய்ட் பெயரில் வந்தது. இந்திய உணவுகளின் சத்து மதிப்பும் திருப்தியான உணவைத் திட்டமிடுவதும் என்பது தலைப்பு.

தலைப்பின் இரண்டாவது பாதியைக் கவனியுங்கள். திட்டமிடுவது. விடுதி, ஜெயில், பள்ளிக்கூடம், பஞ்ச காலக் கஞ்சித்தொட்டி. நூறு பேருக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு எடுத்து வைக்க வேண்டும் என்று ஸ்டோர் ரூமில் நின்று கணக்குப் போடுகிறவருக்கான புத்தகம் அது. அவர் எடை போடுவது அரிசியை. சோற்றை இல்லை. அதனால்தான் அட்டவணை வேகாத பொருளைப் பேசுகிறது. அய்க்ராய்டே பின்னால் 1943 வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனில் உறுப்பினராக இருந்தார்; பிறகு ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பில் ஊட்டச்சத்துப் பிரிவின் முதல் இயக்குநர் ஆனார். கூட்டம் கூட்டமாகப் பசியைப் பார்த்தவர்கள் எழுதிய கணக்கு அது.

அதை எடுத்து, ஒரே ஒரு குழந்தைக்கு, ஒரே ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஊசி அளவு போட்டால்? எழுதியவர்கள் மேல் குற்றமில்லை.

குன்னூர்ப் பட்டியல் பதிப்பு பதிப்பாக வளர்ந்தது. 1971-ல் சி. கோபாலன், பி. வி. ராமசாஸ்திரி, எஸ். சி. பாலசுப்ரமணியன் மூவர் பெயரில் வந்த புத்தகம்தான் எங்களுக்கெல்லாம் கல்லூரியில் வேதம். "கோபாலன் புக்" என்றால் போதும், எந்த டயட்டீஷியனும் எடுத்துத் தருவார். கோபாலன் சேலத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். பிறந்த வருடம் 1918. குன்னூர் அறை திறந்த அதே வருடம்! 2019-ல் நூறு வயது தாண்டித்தான் போனார். ஏழைக் குழந்தைக்கு முதல் தேவை புரத மாவு டப்பா இல்லை, வயிறு நிறையச் சாதாரணச் சாப்பாடு என்று உலகம் முழுக்கப் புரதம் புரதம் என்று கத்திக்கொண்டிருந்த காலத்தில் எண்ணோடு வாதாடியவர்.

1989-ல் அந்தப் புத்தகம் திருத்தப்பட்டது. அதன் பிறகு பெரிய வேலை 2017-ல். டி. லாங்வா தலைமையில், ஆர். அனந்தன், கே. பாஸ்கராச்சாரி, கே. வெங்கையா சேர்ந்து இந்திய உணவு உட்கூறு அட்டவணைகள் வந்தன. நாட்டை 6 மண்டலமாகப் பிரித்து மாதிரி எடுத்து, 528 உணவுகள், 151 சத்துக்கூறுகள். ஆள் பெயர் சொல்லி வாங்க வேண்டிய எண்கள் என்றால் இவைதான்.

சரி, பழசும் புதுசும் ஒத்துப்போகிறதா? வாங்க, முருங்கைக்கீரை.

100 கிராம் கீரையில் கால்சியம்: கோபாலன் புத்தகத்தில் 440 மில்லிகிராம். 2017 அட்டவணையில் 314. அமெரிக்க விவசாயத் துறையின் தரவில் 185.

இரும்புச்சத்து இன்னும் வேடிக்கை. பழைய புத்தகத்தில் 7. திருத்திய பிற்காலப் பதிப்பில் 0.85. 2017-ல் 4.56. அமெரிக்கக் கணக்கில் 4.

ஒரே கீரை சாமி! நாலு கணக்கு!

கர்ப்பிணிக்கு ரத்தசோகை, முருங்கைக்கீரை சாப்பிடுங்க என்று நான் சொல்கிறேன். எந்த முருங்கைக்கீரையை? மண் மாறும், இலை முற்றலா கொழுந்தா என்று மாறும். கீரை மேல் ஒட்டிய தூசியிலும் இரும்பு உண்டு. எவ்வளவு கழுவினோம், எதில் அரைத்தோம், எந்த முறையில் அளந்தோம் என்பதெல்லாம் எண்ணை ஆட்டிவிடும். (பசலைக்கீரை இரும்புச்சத்தில் புள்ளி தப்பி விழுந்து பத்து மடங்கு ஆன கதையைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதைக்கே ஆதாரம் இல்லை என்று மைக் சட்டன் என்பவர் 2010-ல் தேடிப் பார்த்து எழுதினார். தவறைப் பற்றிய கதையிலேயே தவறு.) ஆகவே கீரை சாப்பிடுங்கள், கூடவே நான் எழுதித் தரும் இரும்பு மாத்திரையையும் போடுங்கள். எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இதைக் கேட்ட தம்பி, "அப்போ எது சரி சித்தப்பா?" என்றான்.

எல்லாமே அந்தந்த இடத்தில் அளந்ததுதான். கேட்க வேண்டியது வேறு. உன் மூணு கம்பெனியும் தரும் எண் இந்த நாலில் எது என்று அவர்களால் சொல்ல முடியுமா? எந்தப் புத்தகம், எந்த வருடம், எந்தப் பதிப்பு? பல கம்பெனிகள் கால்சியத்தை ஒரு இடத்தில் எடுத்து, இரும்பை இன்னொரு இடத்தில் எடுத்து, காலியாக இருக்கும் கட்டத்தை மூன்றாவது இடத்தில் நிரப்பிவிடுவார்கள். பார்க்க முழுசாக இருக்கும். அந்தக் கீரை உலகத்தில் எங்கேயும் முளைத்திருக்காது.

காலிக் கட்டம் இன்னொரு ஆபத்து. அளக்கவில்லை என்பது வேறு, பூஜ்யம் என்பது வேறு. சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியம் பார்க்கும் ஆப்பில் "அளக்கவில்லை" என்பது 0 ஆகக் காட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் மாவுச்சத்து. இது சுகர்காரர்களுக்கு முக்கியம். கேழ்வரகு 100 கிராம்: கோபாலன் புத்தகத்தில் மாவுச்சத்து 72 கிராம். 2017-ல் 66.8. ராகி மெலிந்துவிட்டதா? இல்லை. பழைய முறையில் கச்சா நாரை மட்டும் கழித்தார்கள், அது 3.6 கிராம்தான். புதிய முறையில் மொத்த நாரும் அளந்து கழித்தார்கள். அது 11 கிராமுக்கு மேல். அமெரிக்கத் தரவிலோ நாரைக் கழிக்கவே மாட்டார்கள், மாவோடு சேர்த்தே எழுதுவார்கள். மூன்றுக்கும் ஆப்பில் பெயர் ஒன்றுதான்: கார்ப்ஸ். இரண்டு தரவைக் கலந்து வைத்திருக்கும் ஆப்பில் இட்லி ஒரு கணக்கிலும் ராகிக் களி வேறு கணக்கிலும் நிற்கும். நோயாளி இரண்டையும் ஒப்பிட்டு, "டாக்டர், ஆப்பு இப்படிச் சொல்லுதே" என்று என்னிடம் வருவார்.

பேசிக்கொண்டே பந்தலை அண்ணாந்து பார்த்தேன். பன்னீர்த் திராட்சைக் கொத்துக் கொத்தாக. முல்லைப் பெரியாறு தண்ணீரும் எங்கள் பள்ளத்தாக்கு மண்ணும் சேர்ந்து வருடம் முழுக்கக் காய்க்கும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியும்தானே? "இதை உன் ஆப்பில் தேடு" என்றேன்.

தேடினான். பன்னீர் என்று போட்டதும் பன்னீர் பட்டர் மசாலா வந்தது! கட்டிலே ஆடும்படி சிரித்தோம்.

பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். விதை உள்ளது. 2017 அட்டவணையில் விதையுள்ள உருண்டைக் கறுப்புத் திராட்சை என்று தலைப்பு உண்டு. நமக்கு அதுதான் பக்கம். அமெரிக்கத் தரவில் மஸ்கடின் என்று ஒன்று இருக்கும். பெயர் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் அது வேறு இனக் கொடி, நார்ச்சத்தே வேறு. எழுத்தை வைத்துப் பொருத்தும் கணினி இதில் வழுக்காமல் இருந்தால் ஆச்சரியம். இன்னொன்று, விலை ஏறிய வாரத்தில் வியாபாரி அவசரப்பட்டு வெட்டிய திராட்சையும், கொடியிலேயே நின்று பழுத்த திராட்சையும் ஒரே இனிப்பா? எங்கள் ஊர்ச் சின்னப் பையனும் ஒன்றை வாயில் போட்டுச் சொல்லிவிடுவான்.

அமெரிக்கத் தரவை நான் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். 2019-லிருந்து ஃபுட்டேட்டா சென்ட்ரல் என்று ஒரே இடத்தில், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். எப்படி அளந்தோம் என்பதையும் எழுதி வைக்கிறார்கள். ஆனால் அதற்குள்ளும் இரண்டு வகை. ஆய்வகத்தில் அளந்தது ஒன்று. பாக்கெட் கம்பெனிகள் தங்கள் லேபிளில் அச்சடித்ததைக் கொடுத்தது இன்னொன்று. பத்து லட்சம் என்ற எண்ணிக்கை இந்த இரண்டாவது வகையால்தான் வீங்குகிறது. பிரான்சில் 2012-ல் ஆரம்பித்த ஓபன் ஃபுட் ஃபேக்ட்ஸ் பொதுமக்களே பாக்கெட்டைப் போட்டோ எடுத்து ஏற்றுவது. பிஸ்கட்டுக்குச் சரி. ரசம் சாதத்துக்கு?

நம்ம சமையலுக்குக் கஷ்டம் இதுதான். 528 உணவிலும் சாம்பார் இல்லை. துவரம் பருப்பு இருக்கிறது, புளி இருக்கிறது. எவ்வளவு பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், வெந்தபின் எவ்வளவு எடை, வேகும்போது எந்தச் சத்து எவ்வளவு போகிறது என்று சமைத்து அளந்துதான் ஒரு கிண்ணத்துக்குக் கணக்கு வரும். சென்னையில் டாக்டர் மோகன் அவர்களின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் தங்கள் ஆய்வுகளுக்காக எபிநியூ என்ற உணவுத் தரவுத்தளத்தைத் தாங்களே கட்டிக்கொண்டது. ஏன் கட்ட வேண்டி வந்தது? கடையில் வாங்கும்படி ஒன்று இருந்திருந்தால் வாங்கியிருப்பார்களே.

தம்பி போனில் குறித்துக்கொண்டே இருந்தான். நான் சொன்னது மொத்தம் இவ்வளவுதான். இருபது உணவு எழுதிக்கொள். புழுங்கல் அரிசிச் சோறு, இட்லி, களி, கம்பங்கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், பன்னீர்த் திராட்சை, நாட்டு வாழைப்பழம், இப்படி. மூணு கம்பெனிக்கும் அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் எண் எங்கிருந்து வந்தது, வெந்ததா வேகாததா, நார் கழித்ததா இல்லையா, கடைசியாக எப்போது திருத்தினீர்கள், ஹைதராபாத் அட்டவணையை எடுத்திருந்தால் அனுமதி வாங்கினீர்களா என்று கேள். நோயாளி ஒருவர் தப்பைச் சுட்டிக்காட்டினால் எத்தனை நாளில் மாற்றுவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல். விலையை அதற்கப்புறம் பேசு.

மார்ச் மாதம் போன் செய்தான். ஒரு கம்பெனி பதிலே போடவில்லை. ஒன்று, "எங்கள் தரவு செயற்கை நுண்ணறிவால் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதியது. மூன்றாவது, இருபதில் பதினோரு உணவுக்குத்தான் மூலம் காட்ட முடிந்தது. மீதி ஒன்பதுக்கு "தெரியவில்லை" என்று எழுதி அனுப்பியது.

"தெரியலைன்னு எழுதினானே, அவன்கிட்ட வாங்கு" என்றேன். வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒன்பதையும் சமைத்து அளக்க ஒரு டயட்டீஷியனை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை இப்போது பிளஸ் டூ. போன வாரம் செக்கப்புக்கு வந்தது. அதன் அம்மாவிடம் ஒரு நோட்டு உண்டு. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போகும்போது நானும் அவரும் உட்கார்ந்து ஆரம்பித்தது. அவர்கள் வீட்டுக் கரண்டியால் ஒரு கரண்டி சோறு எத்தனை கிராம், அவர்கள் வீட்டு இட்லி ஒன்று எத்தனை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சுகர் எவ்வளவு. பேனாவில் எழுதி, அடித்து, திருத்தி, பக்கம் பக்கமாக. ரேஷன் அரிசி மாறிய மாதத்தில் ஓரத்தில் "புது அரிசி, சோறு கொழகொழ" என்று குறித்திருந்தார்.

அனுமதி கேட்டு, பெயர் தெரியாமல் இரண்டு பக்கம் போட்டோ எடுத்து தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன்.